அரைக்குலம் படித்த மருமகளுக்கு

கண்ணு,

நேற்று சிதம்பரம் பஸ்ஸில் போகும்போது அந்த நாற்றம் வந்தது. முதுநகரைத் தாண்டி, ரசாயனக் கம்பெனிகள் வரிசையாக நிற்கிற இடத்துக்குச் சற்று முன்பே வந்துவிட்டது. முட்டை அழுகியது போல, அதன்மேல் யாரோ மருந்தை ஊற்றியது போல. ஜன்னலோரம் இருந்தவர்கள் அவசரமாகக் கண்ணாடியை இழுத்து மூடினார்கள். என் பக்கத்தில் இருந்த உன் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆயா, யாரு குசு வுட்டது?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "நான் இல்ல பாப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் என் ஜன்னலை மூடவில்லை. கடலூரில் அந்த நாற்றத்தை ஆசையாக மோந்த ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

உனக்கு நினைவிருக்கும். இதே இடத்தில்தான் நீ என்ன படிக்கிறாய் என்று எனக்குச் சொன்னாய். பாப்பா அப்போது கைக்குழந்தை. நீ கல்லூரியில் வாத்தியார் வேலையும் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை தோறும் ஆராய்ச்சிக்காகச் சிதம்பரம் போய் வந்தாய். பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது என்பதால் நானும் கூட வந்தேன். "அப்படி என்னதான் படிக்கிற?" என்று வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறேன். "சொல்றேன் அத்தை, சொல்றேன்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு அந்த நாற்றம் வந்ததும் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு என் தோளைத் தட்டினாய்.

"அத்தை, கேட்டீங்கள்ல. இதான் நான் படிக்கிறது."

"எது?"

"இந்த நாத்தம்."

"இந்த நாத்தத்தைப் படிக்கவா கைப்புள்ளையைத் தூக்கிக்கிட்டு சிதம்பரம் போற? இங்கயே எறங்கிடலாம் வா. கம்பெனி வாசல்லயே உக்காந்து படி."

நீ சிரித்த சிரிப்பில் மடியில் தூங்கிய பாப்பா விழித்துக்கொண்டது. அதைத் தட்டிக்கொடுத்தபடியே சொன்னாய்: "புகைபோக்கிகிட்ட ஜாஸ்தியா இருக்கு. ஆலப்பாக்கம் போறதுக்குள்ள கொறைஞ்சிடும். புதுச்சத்திரத்துல லேசா இருக்கும். முட்லூர்ல தெரியவே தெரியாது. ஆனா அது எங்கயும் போயிடல அத்தை. மெலிசாகி எல்லா எடத்துலயும் இருக்கு. அதைக் கொஞ்ச நேரம் பரவவிட்டு, அதுக்கு மேல இன்னும் கொஞ்ச நேரம் பரவவிடறதும், ரெண்டு நேரத்தையும் சேர்த்து ஒரேடியா பரவவிடறதும் ஒண்ணுதான். அந்த ஒரு விதியைப் புடிச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் போகலாம்னு பாக்கறதுதான் என் வேலை."

நான் யோசித்தேன். மத்தியானம் வரை காயவைத்து, பிறகு சாயங்காலம் வரை காயவைத்த வடகமும், காலையிலிருந்து ஒரே மூச்சாகக் காய்ந்த வடகமும் ஒன்றுதானே என்று கேட்டேன். "அதேதான்" என்றாய். இதற்கா இவ்வளவு படிப்பு என்று எனக்கு இருந்தது. அதையும் கேட்டேன். "வடகத்துல இருந்து திரும்ப மாவு எடுக்க முடியுமா, சொல்லுங்க? அங்கதான் கஷ்டமே ஆரம்பிக்குது" என்றாய். பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோதும் நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன் டிப்பார்ட்மெண்ட் வராந்தாவுக்கு எதிரே ஒரு வாதாமரம். அதன் அடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதுதான் என் இடம். நீ உள்ளே உன் கைடு சாரோடு பேசிக்கொண்டிருப்பாய். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். போர்டு நிறைய எழுதுவாய். அதில் நீட்டி இழுத்த பாம்பு மாதிரி ஒரு எழுத்து அடிக்கடி வரும். என்ன அது என்று கேட்டதற்கு, "கூட்டல் அத்தை. எண்ணி முடியாததைக் கூட்டறது" என்றாய். அஞ்சாவது வரை படித்த எனக்கு எண்ணி முடிந்ததைக் கூட்டத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். என் மருமகள் எண்ணி முடியாததைக் கூட்டுகிறாள் என்று நினைக்கும்போது முதுகு தானாக நிமிரும்.

ஒருநாள் அங்கிருந்த வாட்ச்மேன் பேச்சுக்கொடுத்தார். "உங்க பொண்ணாம்மா?" என்றார். "பொண்ணு இல்ல, மருமவ. நாத்தம் எப்படிப் பரவுதுன்னு கணக்குல கண்டுபுடிக்கிறா" என்றேன் பெருமையாக. அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப எங்க தெரு சாக்கடையை ஒருவாட்டி வந்து பாக்கச் சொல்லுங்கம்மா. முனிசிபாலிட்டியில சொல்லிச் சொல்லிப் பாத்துட்டோம்" என்றார். நீ இதைச் சாரிடம் சொல்ல, அவர் வெளியே வந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அதன்பிறகு எப்போது பார்த்தாலும், "வாங்கம்மா, சாக்கடை எந்த அளவுல இருக்கு?" என்றுதான் விசாரிப்பார்.

அந்த அரைக்குலச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

என் நாத்தனார் பண்ருட்டியிலிருந்து பலாப்பழத்தோடு வந்திருந்தாள். உன் கல்லூரியில் தமிழில் கணக்குப் படிக்கிற பிள்ளைகள் சந்தேகம் கேட்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். கூடத்தில் நீ பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். நானும் நாத்தனாரும் சமையல்கட்டில் எண்ணெய் தடவிய கையோடு சுளை எடுத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அவள் கை நின்றது. காதைக் கூடத்துப் பக்கம் திருப்பினாள்.

"அண்ணி, உங்க மருமவ என்னா சொல்லுது, கேளுங்க."

உன் குரல் தெளிவாகக் கேட்டது. "இது முழுக்குலம் இல்ல. அரைக்குலம்தான். குலம்னா போன ஒவ்வொண்ணுக்கும் திரும்பி வர ஒரு எதிர்மறை இருக்கணும். இதுல அது இல்ல. போனா போனதுதான்."

நாத்தனார் முகம் சிவந்துவிட்டது. நீ வேறு சாதிப் பெண். உன் கல்யாணத்தில் அவள் சாப்பிடாமல் எழுந்து போனவள். நாலு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் மனசு இறங்கிப் பழத்தோடு வந்திருந்தாள். "பாத்தீங்களா? ஊரு பொண்ணுங்களை உக்கார வச்சுக்கிட்டு நம்மளை அரைக்குலம்னு பாடம் எடுக்குது! குலம் திரும்பி வராதுன்னு சாபம் வேற வுடுது!" என்று கத்தியைக் கீழே போட்டாள்.

நான் தடுப்பதற்குள் கூடத்துக்குப் போய்விட்டாள். "ஏம்மா, எங்க குலம் அரைன்னா உங்க குலம் முக்காலா?" என்று கேட்டாள். பிள்ளைகள் பயந்து எழுந்து நின்றுவிட்டார்கள். நீ ஒரு கணம் திகைத்தாய். பிறகு உனக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்தாய், முடியவில்லை. அப்புறம் அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாய்.

"அத்தை, கோச்சிக்காதீங்க. இது கணக்குல ஒரு பேரு. பொஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. நீங்க பலாப்பழத்தை உரிச்சீங்கள்ல? திரும்ப மூட முடியுமா?"

"எப்படி முடியும்?"

"முன்னால போக வழி இருக்கு, பின்னால வர வழி இல்ல. பாதிதான் இருக்கு. அதனால அரைக்குலம்."

நாத்தனார் விடவில்லை. "அப்ப அதுக்கு உரிச்ச பழம்னு பேரு வைக்கவேண்டியதுதானே? கணக்குல எதுக்குக் குலத்தை இழுக்கறாங்க?"

"கணக்குல மட்டும் இல்ல அத்தை, எதுலயுமே எதுக்கு இழுக்கறாங்கன்னுதான் எனக்கும் தெரியல" என்றாய் நீ.

நாத்தனார் உன்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, நல்ல சுளையாகப் பொறுக்கி ஒரு தட்டில் போட்டு, "அந்தப் புள்ளைங்களுக்கும் குடு" என்று உன்னிடம் நீட்டினாள். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது கூடத்தில் உட்கார்ந்து அழுதாள் கண்ணு. "போனா போனதுதான்னு அன்னிக்கே சொன்னியேடி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவளைத் தேற்ற முடியவில்லை.

உனக்கு ரத்தத்தில் கோளாறு என்று தெரிந்தபோது பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. தீசிஸ் எழுதி முடிக்கிற நேரம். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதும் நீ தாளும் பேனாவுமாக இருந்தாய். ஒருநாள் தாங்கமாட்டாமல், "வலிக்கலையாடி உனக்கு? இந்த நேரத்துல இது என்னாத்துக்கு?" என்றேன்.

"சிதம்பரம் பஸ்ஸு எவ்வளவு தூரம் ஓடினாலும் கடல் கிட்டத்துல வருதா அத்தை?"

"வராது."

"ஏன்னா அது தெக்க போவுது. கடல் கெழக்க இருக்கு. ரெண்டும் செங்குத்து. இதுல எவ்வளவு போனாலும் அதுல ஒரு அடி கூட நகராது. வலி ஒரு தெசை, கணக்கு ஒரு தெசை. வலி வந்து கணக்கோட பங்கை எடுத்துக்க முடியாது."

நல்லாத்தான் சொன்னாய். ஆனால் சொல்லும்போது உன் இடது கை கட்டில் கம்பியை எப்படிப் பிடித்திருந்தது என்று நான் பார்த்தேன். நரம்பு நரம்பாகத் தெரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய்.

பிறகு நீயே பேச்சை மாற்றினாய். எதையும் அப்படி ஒன்றுக்கொன்று தொந்தரவு செய்யாத துண்டுகளாகப் பிரித்துவிடலாம் என்றாய். பரவவிட்டால் ஒவ்வொரு துண்டும் அதனதன் வேகத்தில் மங்குமாம். "நெளிவு ஜாஸ்தி இருக்கற துண்டு சீக்கிரம் போயிடும். அகலமா, பொதுவா இருக்கறது கடைசி வரைக்கும் நிக்கும்." அப்போது அது எனக்கு வெறும் கணக்காகத்தான் கேட்டது.

நீ போய் வருஷங்கள் ஓடிவிட்டன. பாப்பா இப்போது மூன்றாவது படிக்கிறாள். வாய் உன் வாய். பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாக நிற்கிறாள் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒன்றைக் கேட்டால் விடமாட்டாள். உன் புருஷன் கடை, வீடு என்று இருக்கிறான். அதிகம் பேசுவதில்லை. பிள்ளையைத் தூக்கி வளர்ப்பது நான்தான். உன்னைப் பற்றி அவளுக்குச் சொல்வதும் நான்தான். நல்லதாகவே சொல்லி வந்தேன். உங்கம்மா தங்கம், உங்கம்மா யாரையும் ஒரு சொல் சொல்லமாட்டா, உன்மேல உசுரையே வச்சிருந்தா. ஒவ்வொரு நாளும் துடைத்து வைக்கிற படம் மாதிரி உன்னைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பையைக் கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள். வகுப்பில் ஒவ்வொருவரும் அவரவர் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்களாம்.

"நீ என்னா பேசின?"

"ஒண்ணும் பேசல. எனக்கு அம்மா கொரல் ஞாபகம் இல்ல ஆயா."

"அடி, போன்ல எத்தனை வாட்டி கேட்டிருக்க?"

"அது போன்ல இருக்கற அம்மா. காலேஜ் புள்ளைங்ககிட்ட பேசும், பொறந்தநாளுக்குப் பாட்டுப் பாடும். என்கிட்ட பேசின கொரல் ஞாபகம் இல்ல." பை வாரைத் திருகிக்கொண்டே, "நான் மறந்துட்டது தெரிஞ்சா அம்மா கோச்சிக்குமா?" என்றாள்.

இல்லை, கோச்சிக்காது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அன்று முதல் சரியாகச் சாப்பிடவில்லை. உன் படத்துக்கு முன்னால் போவதையே விட்டுவிட்டாள். தப்புச் செய்த பிள்ளை மாதிரி அந்தச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் போனாள். நெளிவு நிறைந்தது முதலில் போகும் என்று சொன்னாயே கண்ணு, குரலைவிட நெளிவானது மனிதரிடம் வேறு என்ன இருக்கிறது? அதுதான் முதலில் போயிருக்கிறது. பிள்ளையின் குற்றம் என்ன இதில்? ஆனால் அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் நேற்று சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் கிளம்பினேன். நீ நின்ற இடத்தைப் பார்த்தால், நீ எழுதிய போர்டைப் பார்த்தால், ஏதாவது ஒன்று அவளுக்குள் எழும்பாதா என்ற நப்பாசை.

சார் ரிட்டையர் ஆகி மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். அவர் அறைக் கதவில் வேறு பெயர். வாட்ச்மேனும் புது ஆள். வராந்தாவில் ஒரு பெண் பிள்ளை, உன்னைப் போலவே கையில் தாள்கட்டோடு, "யாரைப் பாக்கணும்மா?" என்றாள். "யாரையும் இல்லம்மா. இவ அம்மா இங்க படிச்சா" என்றேன். என்ன நினைத்தாளோ, எதுவும் கேட்காமல் நான் கைகாட்டிய, நீ கடைசியாகப் பேசிய ஹாலைத் திறந்துவிட்டாள்.

பழைய கரும்பலகை இல்லை. வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார்கள், சுத்தமாகத் துடைத்து. நாற்காலிகளும் புதிது. "அம்மா எங்க நின்னுச்சு?" என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் போய் இரண்டு காலையும் சேர்த்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் அவள் தேடுவது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ரொம்ப நேரம் நின்றாள்.

"இல்ல ஆயா. ஒண்ணும் வரல."

வெளியே வந்து வாதாமரத்தடியில் உட்கார்ந்தோம். எனக்கு வாயில் வந்தது பழைய பாட்டுத்தான். "உங்கம்மா உன்மேல உசுரா இருந்தா கண்ணு" என்றேன்.

"எப்பப் பாத்தாலும் இதையேதான் சொல்ற ஆயா. எல்லா அம்மாவும் உசுராத்தான் இருப்பாங்க. எங்கம்மா எப்படி இருந்துச்சு?"

அப்போதுதான் நமது பெரிய சண்டை நினைவுக்கு வந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல். சார் வெளியூர் போகிறார், அன்றைக்கு விட்டால் பார்க்க முடியாது என்று நீ கிளம்பினாய். "புள்ளையைவிட கணக்கு பெருசா போச்சா?" என்று நான் கத்தினேன். "நான் போறது புடிக்கலன்னா நேரா சொல்லுங்க, புள்ளையை நடுவுல இழுக்காதீங்க" என்று நீயும் கத்தினாய். அப்புறம் நாம் பேசிக்கொள்ளவே இல்லை. ஒரே சமையல்கட்டில் நின்றுகொண்டு, "உங்க அம்மாகிட்ட புளி எங்க இருக்குன்னு கேளுங்க" என்று நீ உன் புருஷனிடம் சொல்வாய். "உன் பொண்டாட்டி கைக்கு நேரத்தான் இருக்குன்னு சொல்லு" என்று நான் சொல்வேன். அவன் பாவம், இட்லியை வைத்துக்கொண்டு முழிப்பான்.

அடுத்த தடவை சிதம்பரம் போகும்போது பஸ்ஸில் நீதான் முதலில் வாயைத் திறந்தாய். ஸாரி கேட்பாய் என்று பார்த்தேன். நீ கணக்கை எடுத்தாய்.

"அத்தை, நீங்க என்மேல காட்டின பாசத்தையெல்லாம் கூட்டல்லயும், போட்ட சண்டையெல்லாம் கழித்தல்லயும் எழுதினா, கடைசியில என்னா வரும்?"

"இப்ப இருக்கற நெலமைக்கு, பூஜ்யம்."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லன்னு அர்த்தமா? பொய்யில்ல அது? அதனாலதான் நாங்க நேரா கூட்டமாட்டோம். வர்க்கம் போட்டுக் கூட்டுவோம். ஒவ்வொண்ணையும் அதாலயே பெருக்கிடுவோம். கழித்தலைக் கழித்தலால பெருக்கினா கூட்டலாயிடும்."

"அது எப்படி ஆகும்?"

"அதை அஞ்சாவதுக்கு மேலதான் சொல்லித் தருவாங்க. நீங்க அஞ்சாவதுலயே நின்னுட்டீங்க."

"நானாடி நின்னேன்? நிறுத்திட்டாங்க."

நீ சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். பிறகு மெதுவாகச் சொன்னாய். எது பரவி மங்கிப் போகிறதோ, அது போகிற வழியில் ஒவ்வொரு நேரமும் எவ்வளவு மாறியது, ஏறியதோ இறங்கியதோ, அத்தனையையும் வர்க்கம் போட்டு அந்தப் பாம்பு எழுத்தால் கூட்டினால், முதலில் இருந்தது எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடும். உன் தீசிஸே அதுதான் என்றாய். "அதைத் திரும்பக் கொண்டு வர முடியாது அத்தை. அரைக்குலம். ஆனா எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு யாராலயும் மறைக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு, கழித்தலையெல்லாம் தூக்கிப் போட்டுட்டா கணக்கு தப்பாயிடும். அளவு சின்னதாயிடும்."

வாதாமரத்தடியில் உட்கார்ந்து நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது. உன் கழித்தலையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் பிள்ளைக்கு மிச்சத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் நீ சிறுத்துப் போய்விட்டாய்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளை உட்காரவைத்து, "உங்கம்மா உன்னைத் திட்டினது சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

சட்டென்று திரும்பினாள். "அம்மா என்னைத் திட்டுச்சா?"

"திட்டுச்சாவா? அந்த ஹால்ல, அத்தனை பேர் முன்னாடி."

உன் வைவா அன்று நடந்ததைச் சொன்னேன். மருந்தில் முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி கட்டியிருந்தாய். நிற்கத் தெம்பில்லாமல் ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டிருந்தாய். வெளியூரிலிருந்து வந்த பரீட்சை வாத்தியார் கடைசிக் கேள்வியைக் கேட்டார். ஹாலே அமைதியாக இருந்தது. உன் குரல் பல மாதமாகக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருந்தது. நீ பதிலுக்கு வாயைத் திறக்கிறாய். என் மடியிலிருந்து இவள் எழுந்து நின்று, "அம்மா, ஒண்ணுக்கு வருது!" என்று கத்தினாள்.

"நானா?" என்றாள் பாப்பா. கண் அகலமாகிவிட்டது.

"நீயேதான். ஒருவாட்டி இல்ல, விடாம கத்துற. உங்கம்மா அப்படியே போர்டுல இருந்து திரும்பினா. 'ஆயாகிட்ட சொல்லுடி! இங்க என்னா நான் வெளையாடிக்கிட்டா இருக்கேன்? வாயை மூடிக்கிட்டு உக்காரு!'ன்னு போட்டா பாரு ஒரு சத்தம். ஹால் முழுக்கச் சிரிச்சிடுச்சு. கேள்வி கேட்டவரு பேனாவைக் கீழ வச்சுட்டாரு. நீ ஓன்னு அழுதுட்ட. நான் உன்னைத் தூக்கிக்கிட்டு ஓடறேன் பாத்ரூமைத் தேடி. நாம திரும்பி வரதுக்குள்ள டாக்டர் பட்டம்னு சொல்லி, கை தட்டி முடிச்சுட்டாங்க."

"நாம பாக்கவே இல்லயா?"

"எங்க பாத்தோம்? நீ ஒண்ணுக்குப் போயிக்கிட்டு இருந்த."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் இருந்தது எங்கே போனது என்று தெரியவில்லை. கண்டக்டர் கூட நின்று பார்த்துவிட்டுப் போனார். பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"எப்படிக் கத்துச்சு? கத்திக் காட்டு ஆயா."

கத்திக் காட்டினேன். "இது உன் கொரலு" என்றாள். இன்னும் மெலிசாக, இன்னும் கூர்மையாக என்று சொன்னேன். வெள்ளாற்றுப் பாலம் வந்தது. தண்ணீரைக் கூடப் பார்க்கவில்லை. தானே சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள். "ஆயாகிட்ட சொல்லுடி." ஏற்றிச் சொன்னாள், இறக்கிச் சொன்னாள், மூக்கால் சொன்னாள், கோபமாகச் சொன்னாள். "வாயை மூடிக்கிட்டு உக்காரு." ஒவ்வொன்றுக்கும், "இப்படியா ஆயா? இப்படியா?" என்று கேட்டாள். "தெரியலியே, சொல்லு, சொல்லு" என்று நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். முட்லூர் வரை விடாமல் சொன்னாள்.

அதில் ஒரு தடவை நீ வந்துவிட்டாய் கண்ணு. எது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.